புல்தரைக்கு உரமிட ஏற்ற காலம் எது?

"ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரூன்றி வாழ்க" என்று நம் பெரியோர் மணமக்களை வாழ்த்துவது வழக்கம். ஆலமரத்திற்கு இணையாகச் சிறு புல்லை வைத்துச் சொன்னார்கள் என்றால், அருகின் வலிமையை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்பது விளங்கும். ஒரே ஒரு கணு மண்ணில் தங்கினாலும் அருகம்புல் மீண்டும் துளிர்த்துவிடும். கோடையில் காய்ந்து சருகாகிக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் நான்கே நாளில் பச்சை காட்டும்.

இத்தனை உறுதியான புல்லை வீட்டு முற்றத்தில் ஆசையோடு வளர்க்கும்போது மட்டும் அது ஏன் மஞ்சளிக்கிறது? உரம் போட்ட மறுநாள் ஏன் திட்டுத் திட்டாகக் கருகுகிறது? அருகை நெருக்கிக்கொண்டு கோரை ஏன் தலைதூக்குகிறது? பெரும்பாலும் இதற்குக் காரணம், என்ன உரம் போட்டோம் என்பதைவிட எப்போது போட்டோம் என்பதே. பசியில்லாத குழந்தைக்குப் பால் புகட்டினால் அது வெளியே வழிந்துவிடும் அல்லவா? புல்லின் கதையும் அதுதான். ஆனால் புல் உண்ணாத உரம் வழிந்து எங்கே போகிறது என்பதுதான் நாம் அவசியம் அறிய வேண்டிய செய்தி. அது காற்றில் கலக்கிறது. அல்லது நாம் குடிக்கும் கிணற்றுக்குள் இறங்குகிறது.

புல் எப்போது உண்கிறது?

செடி கொடிகள் தம் உணவைத் தாமே சமைத்துக்கொள்கின்றன என்பதைக் கீழ் வகுப்புகளிலேயே படித்திருக்கிறோம். அந்தச் சமையலுக்கு ஒளியும், நீரும், காற்றிலுள்ள கரியமிலவாயுவும் வேண்டும். நாம் இடும் உரம் சமையலுக்கு வேண்டிய உப்புப் புளி போன்றது. அடுப்பு எரியாத வேளையில் உப்பைக் கொட்டிப் பயன் இல்லை. புல் வளரும் வேளையில்தான் அதன் வேர்கள் உரத்தை இழுத்துக்கொள்ளும்.

புல் வகைகளில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. அருகும், கொரியன் புல் என்று நாற்றங்கால்களில் விற்கப்படும் புல்லும் வெப்பத்தை விரும்புபவை. ஏறத்தாழ 27 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இவை செழித்து வளரும். இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளின் புல் வகைகளோ 15 முதல் 24 பாகைக்குள் நன்கு வளர்ந்து, வெயில் ஏறினால் சோர்ந்துவிடும்.

இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். அயல்நாட்டுத் தோட்டக்கலை நூல்களில், "இளவேனிலில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை உரமிடுக, செப்டம்பர், அக்டோபரே சிறந்த காலம்" என்று எழுதியிருப்பார்கள். அந்த நாட்டுப் புல்லுக்கு அது முற்றிலும் சரியே. அங்கே கோடை வெயில் தணிந்ததும் வேர் புதிதாக ஓடத் தொடங்கும். பனி விழுவதற்குமுன் புல் தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளும். அதே அட்டவணையை நம் ஊரில் கைக்கொண்டால் என்ன ஆகும்? நமக்கு அக்டோபர் என்பது வடகிழக்குப் பருவமழையின் வாசல். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. அப்போது இட்ட உரத்தில் பெரும்பங்கு வெள்ளத்தோடு போய்விடும்.

நம் மாநிலத்திற்குள்ளேயே வேறுபாடு உண்டு. உதகமண்டலத்து அரசுத் தாவரவியல் பூங்கா 1848ஆம் ஆண்டிலிருந்து உருவானது. அதன் புல்வெளிகளைக் கண்டு மயங்காதார் இல்லை. ஆனால் அங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும், புல் உறங்கிவிடும். ஆகவே மலை மேல் வாழ்பவர்கள் பனி முற்றிலும் விலகும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதே ஜனவரியில் திருச்சியிலும் மதுரையிலும் புல் இளவெயிலில் குளித்துக்கொண்டு வளரும். எனவே நாட்காட்டியைப் பார்ப்பதற்குமுன் நம் ஊரின் வானத்தைப் பார்க்க வேண்டும்.

உரம் மண்ணில் படும் பாடு

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகிய மூன்றும் பயிருக்கு வேண்டிய முக்கியச் சத்துகள். இவற்றுள் காலம் பார்த்து இட வேண்டியது தழைச்சத்தே. இலைக்குப் பசுமை தருவதும் அதுதான். கையை விட்டு விரைவில் நழுவுவதும் அதுதான்.

யூரியாவை எடுத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உண்டு. மண்ணில் விழுந்ததும், அங்குள்ள யூரியேஸ் என்னும் நொதி அதைச் சில நாட்களுக்குள் அம்மோனியமாக மாற்றுகிறது. யூரியா மண்ணின் மேற்பரப்பிலேயே ஈரத்தோடும் வெயிலோடும் கிடந்தால், அதில் ஒரு பகுதி அம்மோனியா ஆவியாகிக் காற்றில் பறந்துவிடும். மண்ணுக்குள் இறங்கிவிட்டாலோ களிமண் துகள்கள் அம்மோனியத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. புல் விரும்பி உண்பது இந்த நைட்ரேட்டைத்தான். ஆனால் களிமண் நைட்ரேட்டைப் பிடித்துவைப்பதில்லை. நீர் போகும் வழியில் அதுவும் போகும். கனமழை பெய்தால், வேருக்கு எட்டாத ஆழத்திற்கு இறங்கிவிடும். கடற்கரை ஓரத்து மணற்பாங்கான நிலத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

2015ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தயாராகும் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று அரசு விதித்தது. நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களின் வேகத்தை வேம்பு குறைக்கிறது. அதனால் உரம் சற்று நின்று உதவுகிறது. ஆயினும் பெருமழையை வேம்பும் தடுக்காது.

மணிச்சத்து இப்படி ஓடுவதில்லை. இட்ட இடத்திலேயே தங்கும். இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906ஆம் ஆண்டிலேயே நம் இராணிப்பேட்டையில் தொடங்கப்பட்டது என்பது பெருமைக்குரிய செய்தி. எனினும், நன்கு வேர்பிடித்த புல்தரைக்கு ஆண்டுதோறும் சூப்பர் பாஸ்பேட் தேவைப்படாது. புதிதாகப் புல் நடும்போது அடியுரமாக இட்டால் போதும். பின்னர் மண் பரிசோதனையில் குறை தெரிந்தால் இடலாம். சாம்பல் சத்தோ புல்லுக்கு வறட்சியையும் நோயையும் தாங்கும் வலிமை தருகிறது. கடினமான பருவம் வருவதற்கு முன்பே அதைக் கொடுப்பது நல்லது.

கிணற்று நீரும் கைக்குழந்தையும்

பெற்றோர் இப்பகுதியைச் சற்று நின்று படிக்க வேண்டுகிறோம்.

1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஹன்டர் காம்லி என்ற மருத்துவர், கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரித்த ஒரு நோயைப் பற்றி எழுதினார். அக்குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்த கிணற்று நீரில் நைட்ரேட் மிகுந்திருந்ததை அவர் கண்டார். வயிற்றில் நைட்ரேட், நைட்ரைட்டாக மாறுகிறது. அது இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினைக் கெடுத்து, பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடுகிறது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்கே இந்த ஆபத்து அதிகம்.

நம் நாட்டில் குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி, ஒரு லிட்டர் நீரில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது. கிணற்று நீரில் நைட்ரேட் சேர்வதற்கு வீட்டுப் புல்தரை மட்டும் காரணம் அன்று. வயல் உரம், கழிவுநீர்த் தொட்டி, எருக்குழி யாவும் காரணமாகும். ஆனால் நம் கையில் இருப்பதை நாம் திருத்தலாம் அல்லவா?

இங்கே ஒரு முக்கியமான குறிப்பு. காய்ச்சினால் நீர் தூய்மையாகிவிடும் என்று நாம் நம்புகிறோம். கிருமிகளைப் பொறுத்தவரை அது உண்மையே. நைட்ரேட்டோ காய்ச்சினால் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, மீந்த நீரில் அதன் அடர்த்தி கூடுகிறது. வீட்டுக் கிணற்று நீரையோ ஆழ்குழாய் நீரையோ கைக்குழந்தைக்குப் பயன்படுத்துவோர் அதை ஒருமுறை பரிசோதிப்பது நலம்.

நம் ஊருக்கு ஓர் உர அட்டவணை

தமிழ்நாட்டுச் சமவெளியில் வாழும் நாம் பின்வரும் முறையைக் கைக்கொள்ளலாம்.

தை, மாசி: இதுவே முதல் உரத்திற்கு ஏற்ற காலம். பொங்கல் முடிந்ததும் மழை ஓய்ந்திருக்கும். அடிமண்ணில் ஈரம் தங்கியிருக்கும். பகற்பொழுது நீண்டுகொண்டே வரும். புல் விழித்தெழும் இவ்வேளையில் கொடுப்பது வீணாகாது.

பங்குனி, சித்திரை, வைகாசி: வெயில் ஏறும் காலம். நாள்தோறும் நீர் பாய்ச்ச வசதி இருந்தால் மட்டும் பங்குனி முதல் வாரத்தில் அரை அளவு இடலாம். இல்லையேல் ஒன்றும் வேண்டாம். காய்ந்த புல் இறந்துவிடவில்லை, உறங்குகிறது. உறங்கும் புல்லுக்கு இடும் உரம் வேரைச் சுடும். கத்தரி வெயிலில் உரப்பையைத் திறக்கவே கூடாது.

ஆனி, ஆடி: "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று நம் உழவர் சொல்வர். முதல் மழை பெய்து, காய்ந்த புல் பச்சை காட்டத் தொடங்கும். உடனே ஓடிப்போய் உரமிட வேண்டாம். புதுத் தளிர் விட்டு ஒரு முறை வெட்டும் அளவுக்கு வளரட்டும். பிறகு இரண்டாம் உரம் இடலாம்.

ஆவணி, புரட்டாசி முதல் வாரம்: மூன்றாவதும் கடைசியுமான உரம். இதில் தழைச்சத்துடன் சிறிது பொட்டாஷும் சேர்க்கலாம். பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதற்குள் புல் உரத்தை உண்டு முடிக்க நான்கு வாரமாவது வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை: உரம் வேண்டாம். மழைநீர் தேங்காமல் வடிகால் வெட்டிவிடுவதே இப்போது புல்லுக்குச் செய்யும் பேருதவி. மழையில் புல் வெளுத்தாலும் கவலை வேண்டாம். தை பிறந்தால் தேறிவிடும்.

மார்கழி: பொறுமை காக்கும் மாதம். நன்கு மக்கிய தொழு உரத்தைச் சலித்து மெல்லிய படலமாகத் தூவலாம். அது மெல்ல மெல்லக் கரைந்து தை மாதத்துப் பசிக்குக் கை கொடுக்கும்.

புதிதாக நட்ட புல்லுக்கு, மூன்று நான்கு வாரம் கழித்துப் புதுத் தளிர் ஓடிய பிறகே மேலுரம் இட வேண்டும். மரநிழலில் உள்ள புல்லுக்கு ஒளி குறைவு. ஆகையால் அளவும் பாதியே போதும்.

நாளும் வேளையும்

மாதம் சரியாக இருந்தாலும் வேளை தவறினால் பயன் கெடும். மாங்காய்த் துண்டுகளின் மேல் உப்பைத் தூவி வைத்தால் சிறிது நேரத்தில் அவை நீர் விட்டுச் சுருங்குவதை ஊறுகாய் போடும்போது கண்டிருக்கிறோம். ஈர இலையில் ஒட்டிய உரமும் அப்படித்தான் இலையின் நீரை வெளியே இழுத்துவிடுகிறது. திட்டுத் திட்டாகக் கருகுவது இதனால்தான். எனவே,

1. காலைப் பனி உலர்ந்த பிறகோ, மாலை வெயில் சாய்ந்த பிறகோ உரமிடுக. நண்பகலில் வேண்டாம்.

2. இலை உலர்ந்தும் மண் சற்று ஈரமாகவும் இருக்க வேண்டும். காய்ந்த தரையானால் முதல் நாளே நீர் பாய்ச்சி வைத்துக்கொள்க.

3. புல்லை வெட்டி இரண்டு நாள் கழித்து உரமிடுக.

4. உரமிட்டவுடன் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை நீர் விடுக. மெல்லிய தூறல் வரும்போல் இருந்தால் நல்லதுதான். கருமேகம் திரண்டு பெருமழை வரும்போல் இருந்தால் இரண்டு நாள் பொறுத்திடுக.

எவ்வளவு இடுவது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை சென்ட் புல்தரை என்பது 218 சதுர அடி; அதாவது ஏறக்குறைய 20 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு முறைக்கு இரண்டரை கிராம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 50 கிராம் தழைச்சத்து வேண்டும்.

யூரியாவானால் ஏறத்தாழ 110 கிராம். இரண்டு கைப்பிடிகூடத் தேவைப்படாது! வேப்பம் புண்ணாக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கு தழைச்சத்து உண்டு. எனவே ஒரு கிலோ. தொழு உரத்தில் அரைப் பங்கு. எனவே 10 கிலோ. இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். மூன்றையும் சேர்த்து இட வேண்டாம். புண்ணாக்கும் தொழு உரமும் மெல்லக் கரைவதால் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே இட வேண்டும்.

யூரியாவை மூன்று கிலோ உலர்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாட்டிலும் மீதியைக் குறுக்குவாட்டிலும் தூவினால் எங்கும் சமமாக விழும். "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது உரத்திற்கு மிகப் பொருந்தும் பழமொழி.

வெட்டிய புல்லைக் கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டாதீர்கள். சிறிது சிறிதாக வெட்டி அங்கேயே உதிரவிட்டால் அது மக்கி, ஆண்டுக்கு வேண்டிய தழைச்சத்தில் கால் பங்கு வரை திருப்பித் தரும்.

ஒரு பழைய புல்வெளி சொல்லும் பாடம்

இங்கிலாந்தில் ரொதாம்ஸ்டெட் என்னும் இடத்தில், 1856ஆம் ஆண்டு லாஸ், கில்பர்ட் என்ற இருவர் ஒரு புல்வெளியைப் பல பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாக உரமிட்டனர். இன்றுவரை அந்த ஆய்வு தொடர்ந்து நடந்து வருகிறது. உரமே இடாத பாத்திகளில் முப்பதுக்கு மேற்பட்ட செடியினங்கள் கூடி வாழ்கின்றன. ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட்டை மிகுதியாக இட்டு, சுண்ணாம்பு இடாமல் விட்ட பாத்திகளிலோ மண் புளித்து, இரண்டொரு இனங்களே மிஞ்சின.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? உரம் வளர்ச்சியை மட்டும் கூட்டுவதில்லை. எந்தச் செடி வாழும், எது மறையும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. அருகு உறங்கும் நேரத்தில் நாம் தூவும் உரம், விழித்திருக்கும் கோரைக்கு விருந்தாகிவிடும்.

நீர் இல்லாத ஆண்டில்

அரை சென்ட் புல்தரைக்குக் கால் அங்குல நீர் விட ஏறத்தாழ 120 லிட்டர் வேண்டும். பதினைந்து லிட்டர் குடமானால் எட்டுக் குடம். 2019ஆம் ஆண்டு கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது, எத்தனையோ வீடுகளில் பெண்கள் இரவும் பகலும் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தனர். அத்தகைய நாளில் எட்டுக் குடம் நீரைப் புல்லுக்கு ஊற்றலாமா? கூடாது. நீர் இல்லாவிட்டால் உரமும் இல்லை என்பதே நம் விதியாக இருக்கட்டும். புல் மஞ்சளித்துக் கிடந்தால் அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அது வேரில் உயிரை வைத்துக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கிறது.

செய்து பாருங்கள்

தோழியரே, படித்ததோடு நின்றுவிடாமல் விடுமுறையில் இவற்றைச் செய்து பார்ப்போம்.

அ) பக்கம் நேராக உள்ள நான்கு காலி டப்பாக்களைப் புல்தரையில் ஆங்காங்கே வைத்து, பூவாளியாலோ குழாயாலோ நீர் விடுங்கள். டப்பாவில் அளவுகோலை வைத்துப் பார்த்தால், கால் அங்குலம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பது தெரியும். எல்லா இடத்திலும் சமமாக விழுகிறதா என்பதும் விளங்கும்.

ஆ) புல்தரையில் இரண்டு சிறு பாத்திகளைக் குச்சி நட்டு ஒதுக்குங்கள். ஒன்றுக்குத் தை மாதத்தில் உரமிடுங்கள். மற்றதை அப்படியே விடுங்கள். வாரந்தோறும் உயரத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். எத்தனை வாரத்தில் வேறுபாடு தெரிகிறது? எப்போது அது மறைகிறது? அடுத்த உரத்தின் நாளை உங்கள் குறிப்பேடே சொல்லும்.

இ) உங்கள் ஊரில் மழை பெய்யும் நாட்களை ஓராண்டு குறித்து வாருங்கள். மேலே கண்ட அட்டவணையை உங்கள் ஊருக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள அது உதவும்.

உரம் கடையில் கிடைக்கும். காலத்தை நாமே பார்த்துக் கண்டுகொள்ள வேண்டும். தளிர் விடுகிறதா, மண்ணில் ஈரம் இருக்கிறதா, வானம் எப்படி இருக்கிறது என்று மூன்றையும் பார்த்துக் கையை நீட்டுவோமானால், நம் முற்றத்துப் புல்லும் செழிக்கும். நம் கிணற்று நீரும் கெடாது. அந்த நீரைப் பருகும் அண்டை வீட்டுக் குழந்தையும் நலமாக இருக்கும்.